25 நாள் ‘மெமரி’ பயிற்சி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

சேலம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து ரோடு பக்கம் போனால் அபாகஸ், போனிக்ஸ், கையெழுத்துத் திருத்தம் என்று மாடிக்கு மாடி பலகை. அந்த வரிசையில் ‘வொர்க்கிங் மெமரி பயிற்சி’யும் சேர்ந்துகொண்டது. பேச்சில் பின்தங்கிய பிள்ளை, ஓரிடத்தில் உட்காராத பிள்ளை இருவருக்குமே இது மருந்து என்று சொல்லி விற்கிற ஒரு மையத்தின் தொகுப்பைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம். பெயர் போடவில்லை. இதே தொகுப்பு சின்ன மாற்றங்களோடு வேறு இடங்களிலும் கிடைக்கும். கேட்க வேண்டிய கேள்விகளும் எல்லா இடத்திலும் இவைதான்.

கட்டணம் 18,000 ரூபாய். அதற்கு மூன்று கிடைக்கும். முதல் நாள் ஒன்றரை மணி நேரச் சோதனை. பிறகு வாரம் 5 நாள் வீதம் 5 வாரம் டேப்லெட்டில் பயிற்சி. கடைசி நாளில் வீட்டுக்கு ஒரு 4 பக்கத் தாள். முதல் நாள் சோதனை பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. கடைசித் தாள் அதைவிட நன்று. இடையில் இருக்கும் 25 நாள்தான் யோசிக்க வேண்டிய இடம். ஆனால் காசில் முக்கால்வாசி அதற்குத்தான் போகிறது.

வொர்க்கிங் மெமரி என்றால் என்ன என்று வரவேற்பில் கொடுக்கும் வண்ணத் தாளில் மூளைப் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். சாயங்காலம் தட்டுவடை செட் வண்டி முன்னால் ஐந்து நிமிஷம் நின்றால் அதைவிடத் தெளிவாகப் புரியும். “அண்ணா, ரெண்டு செட்டு, ஒண்ணுல காரம் கம்மி. ஒரு நொறுக்கல், வெங்காயம் வேணாம்” என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டிக்காரர் கை முந்தின ஆளுக்குச் சட்னி தடவிக்கொண்டிருக்கும்; இன்னொருவர் நீட்டிய நூறு ரூபாய்க்கு மீதியும் மனசில் ஓடும். கேட்டதைப் பிடித்து வைத்துக்கொண்டே வேறு வேலையும் பார்ப்பதுதான் வொர்க்கிங் மெமரி. போன வருஷத் திருவிழாவை ஞாபகம் வைத்திருப்பது வேறு கணக்கு. “சினிமா வசனமெல்லாம் அட்சரம் பிசகாமச் சொல்றான், பாடம் மட்டும் மறந்துபோகுதாம், எல்லாம் கொழுப்பு” என்று திட்டுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

1974-இல் ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பிரித்துக் காட்டினார்கள். காதில் விழுந்ததை மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லித் தக்கவைக்கும் பகுதி ஒன்று. அது ஏறக்குறைய 2 வினாடிப் பேச்சைத்தான் தாங்கும். கண்ணால் பார்த்த இடத்தையும் உருவத்தையும் வைத்திருப்பது இன்னொரு பகுதி. இரண்டுக்கும் மேலே, கவனத்தை எங்கே திருப்புவது என்று பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி. மொழி வளர்ச்சிக் குறைபாடு (பேச்சும் புரிதலும் வயதுக்குப் பின்தங்குவது) உள்ள பிள்ளைக்குப் பெரும்பாலும் காதுப் பகுதிதான் குறுகல். கவனக் குறைபாடு (ஏடிஎச்டி, கவனமும் உடம்பும் ஓரிடத்தில் நிலைக்காதது) உள்ள பிள்ளைக்குத் தடுமாறுவது மேஸ்திரி. கண் பகுதியும் கூடவே அடிவாங்கும். வெளியே பார்த்தால் இருவரும் ஒரே மாதிரி: “மூணு வேலை சொன்னா ஒண்ணுதான் செய்றான்.”

இந்த ஒற்றுமைதான் எல்லாக் குழப்பத்துக்கும் மூலம். 2000-இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில் கவனக் குறைபாடு, மொழிக் குறைபாடு, இரண்டும் சேர்ந்தது என்று பிள்ளைகளைப் பிரித்து வைத்துப் பார்த்தார்கள். வொர்க்கிங் மெமரிச் சோதனைகளில் சறுக்கியதற்கு நெருங்கிய தொடர்பு கவனக் குறைபாட்டோடு இல்லை, மொழிக் குறைபாட்டோடு இருந்தது. ‘துறுதுறு’ என்று முத்திரை குத்தி அனுப்பப்படும் பிள்ளைகளில் சிலருக்குப் பேச்சு விளங்காததே அடிப்படைக் கோளாறாக இருக்கும். வகுப்பில் சொல்வது புரியாத பிள்ளை ஜன்னலைப் பார்க்காமல் வேறென்ன செய்யும்? மொழி வளர்ச்சிக் குறைபாடு அபூர்வமும் இல்லை. இங்கிலாந்து, அமெரிக்கக் கணக்குப்படி நூற்றுக்கு ஏழு பேர். நாற்பது பேர் வகுப்பென்றால் இரண்டு மூன்று பிள்ளைகள்.

ஆக, ஒரு மையம் உருப்படியானதா என்று பார்க்க முதல் உரைகல், இந்த இருவரையும் பிரித்துப் பார்க்கத் தெரிகிறதா என்பதுதான். இந்த மையத்தின் முதல் நாள் சோதனை அந்த வேலையை ஓரளவு செய்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். வேறு மையத்துக்குப் போகிறவர்களுக்கும் உதவும்.

முதலில் எண் வரிசை. வினாடிக்கு ஒரு எண், ஏற்ற இறக்கம் இல்லாத குரலில். ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு வாய்ப்பு. இரண்டும் தப்பினால் நிறுத்திவிட வேண்டும். பிறகு தலைகீழாகச் சொல்லச் சொல்வது. ஏழு வயதில் நேராக 5, தலைகீழாக 3 வந்தால் சராசரி என்று எடுத்துக்கொள்ளலாம். இங்கே பலரும் செய்யும் தப்பு, போன் நம்பர் சொல்கிற மாதிரி இரண்டிரண்டாகச் சேர்த்து இழுத்துச் சொல்வது. அப்படிச் சொன்னால் பிள்ளைக்கு ஒரு எண் இனாமாகக் கூடிவிடும். இந்த மையம் பதிவுசெய்த குரலைப் போடுவதால் அந்தக் கோளாறு இல்லை.

எந்த மொழியில் எண் சொல்வது என்பது அதைவிடப் பெரிய விஷயம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று தமிழில் எல்லாம் இரண்டு அசை (ஒரு உயிரொலிக்கு ஓர் அசை என்று கணக்கு), ஒம்பதுக்கு மூன்று. ஆங்கிலத்தில் செவனைத் தவிர ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாமே ஒரே அசை. 2 வினாடிப் பேச்சுக்குள் ஆங்கில எண்கள் கூடுதலாக அடங்கும் என்பது சொல்லாமலே விளங்கும். வேல்ஸ் மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம் 1980-இல் இதே வித்தியாசத்தைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். தமிழில் எண் கேட்டுவிட்டு ஆங்கிலப் பிள்ளைகளுக்குப் போட்ட அட்டவணையில் மதிப்பெண்ணைத் தேடினால், நல்ல பிள்ளையும் ஒரு படி கீழே விழும். இந்த மையத்தில் ‘பிள்ளை எந்த மொழியில் எண்ணும்’ என்று முதலிலேயே கேட்கிறார்கள்; பாராட்ட வேண்டும். ஆனால் ஒப்பிடும் அட்டவணை வெளிநாட்டு அட்டவணைதான். எனவே அறிக்கையில் போட்டிருக்கும் சதமானத்தை (நூறு பிள்ளைகளில் எத்தனை பேரைவிட மேல் என்ற எண்ணை) பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், நேர் எத்தனை, தலைகீழ் எத்தனை என்ற பச்சை எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பொருளில்லாச் சொற்களைத் திருப்பிச் சொல்வது. ‘மிதுபா’, ‘நகெடோலி’, ‘பசுரிதேமு’ மாதிரி. தெரிந்த சொல் என்றால் பழைய அறிவு கை கொடுத்துவிடும். இதில் எந்த ஊன்றுகோலும் கிடையாது. மொழிக் குறைபாடு உள்ள பிள்ளைகள் இதில் மூன்று, நான்கு அசை தாண்டினாலே உதிர்த்துவிடுவார்கள் என்பது 1990 முதல் தொடர்ந்து உறுதியாகி வருகிறது. ஆங்கிலப் பட்டியலை அப்படியே ஓட்டும் இடங்களை நம்ப வேண்டாம். ‘ஸ்ட்ர’, ‘ஃப்ள’ என்று தமிழ் நாக்குக்குப் பழகாத கூட்டொலி வந்தால் பிள்ளை திணறுவது நாக்கால், நினைவால் இல்லை. இங்கே தமிழ் ஒலிக்கட்டுக்குள் செய்த பட்டியல் இருக்கிறது. 2 அசையில் தொடங்கி 5 அசை வரை. ஒரே குறை, ‘ச’வை ‘த’ என்று சொல்லும் பிள்ளைக்கும் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். எப்போதும் அப்படித்தான் உச்சரிக்கும் என்றால் அது உச்சரிப்புப் பிரச்சினை; நினைவில் ஏற்றக்கூடாது.

வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வது மூன்றாவது. எங்கள் மதிப்பில் மொத்தச் சோதனையிலும் இதற்குத்தான் எடை அதிகம். “பூனை பால் குடிச்சுது” என்பதை எல்லாரும் சொல்லிவிடுவார்கள். “நேத்து சந்தையில வாங்கின மாம்பழத்தைத் தின்ன பையனை அம்மா திட்டினாங்க” என்றதும் பிரிந்துவிடும். மொழிக் குறைபாடு உள்ள பிள்ளை “அம்மா மாம்பழம் வாங்கினாங்க, பையன் திட்டினான்” என்று தனக்குத் தெரிந்த அமைப்புக்குள் உடைத்துப் போட்டுக்கொள்ளும். கவனக் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளை பெரும்பாலும் அமைப்பை உடைக்காது, நடுவில் ஒரு சொல்லை விடும், அல்லது “என்ன?” என்று கேட்டு இரண்டாம் முறை சரியாகச் சொல்லும். இந்த மையத்தில் சரி, தப்பு என்று மட்டும் குறிக்கிறார்கள். பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எழுதித் தரச் சொல்லுங்கள். துப்பு அதில்தான் இருக்கிறது.

நான்காவது, ஒன்பது மரக்கட்டைகளை வரிசையாகத் தட்டிக் காட்டி, அதே வரிசையில் தட்டச் சொல்வது. பேச்சே வேண்டாத சோதனை. மொழிக் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளை பலநேரம் இதில் நிமிர்ந்து உட்காரும். கவனக் குறைபாடு உள்ள பிள்ளை 5 கட்டையைச் சரியாகத் தட்டிவிட்டு அடுத்த முறை 3 கட்டையில் தப்பும். அந்த ஏற்ற இறக்கமே அடையாளம். சராசரி மட்டும் போட்ட அறிக்கையில் அது காணாமல் போய்விடும். இவ்வளவு சொன்னாலும், இரண்டு குறைபாடும் சேர்ந்தே வரும் பிள்ளைகள் நிறைய. அவர்களிடம் எல்லாமே சரிந்திருக்கும். நான்கு மதிப்பெண்ணை வைத்து ‘இது அது’ என்று ஒரே நாளில் முடிவு சொல்கிற இடத்தில் சற்றுத் தயங்குவது நல்லது.

ஐந்தாவது, வீட்டுக்கும் பள்ளிக்கும் கேள்வித்தாள். இங்கேதான் மையம் சறுக்குகிறது. கவனக் குறைபாடு என்று சொல்ல, இரண்டு இடத்திலாவது அறிகுறி இருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. ஆசிரியருக்கான தாளையும் வரவேற்பில் உட்காரவைத்து அம்மாவிடமே நிரப்பி வாங்குகிறார்கள். அப்படி நிரப்பிய தாளுக்கு மதிப்பு கிடையாது. வாங்கிக்கொண்டுபோய் வகுப்பாசிரியரிடம் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வாங்கி வாருங்கள்.

காது கேட்கிறதா என்ற கேள்வியே இல்லை என்பது மொத்தச் சோதனையில் மன்னிக்க முடியாத ஓட்டை. நடுக்காதில் நீர் கோத்து நிற்கும் பிள்ளைக்கு வலி இருக்காது, சீழ் வராது. ஆனால் பேச்சு பஞ்சு அடைத்த மாதிரி விழும். அந்தப் பிள்ளை எண் வரிசையிலும் தோற்கும், வாக்கியத்திலும் தோற்கும், கட்டையில் மட்டும் ஜெயிக்கும். மொழிக் குறைபாடு என்றே அறிக்கை வரும். செவித்திறன் சோதனை முடித்து அந்தக் காகிதத்தோடு போங்கள்.

இன்னொன்று சேலத்துக்கே உரியது. வீட்டில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம், உருது பேசுகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம். வீட்டு மொழியில் சரளமாகக் கதை சொல்லும் பிள்ளை தமிழ் வாக்கியத்தில் தடுமாறினால் அதற்குப் பெயர் குறைபாடு இல்லை. குறைபாடு என்றால் வீட்டு மொழியிலும் தெரியும். மையத்தில் அந்த மொழி தெரிந்தவர் இல்லாவிட்டால் அம்மாவையோ பாட்டியையோ வைத்து வாக்கியங்களைச் சொல்லவைக்கலாம். கேட்டால் ஒத்துக்கொள்கிறார்கள், கேட்காவிட்டால் தமிழிலேயே முடித்துவிடுகிறார்கள்.

இப்போது அந்த 25 நாள். இந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த டார்கெல் கிளிங்பெர்க்கின் ஆய்விலிருந்து பிறந்த ‘காக்மெட்’ என்ற கணினிப் பயிற்சிக்கு வாரம் 5 நாள், 5 வாரம், நாளுக்கு 30 முதல் 45 நிமிடம் என்பது கணக்கு. பிள்ளை சரியாகச் செய்தால் வரிசை நீளும், தப்பினால் குறையும். இதே சட்டகத்தைத்தான் இங்கே விற்கும் செயலியும் எடுத்துக்கொண்டிருக்கிறது. 5 வாரம் முடிவில் ஏறுமுகமாக ஒரு கோட்டுப் படம் கொடுப்பார்கள். அது பொய்யில்லை. விளையாட்டில் பிள்ளை உண்மையாகவே முன்னேறியிருக்கும்.

விளையாட்டில் மட்டும். அதே சாயல் உள்ள வேறு சோதனைகளிலும் கொஞ்ச நாள் ஏற்றம் தெரியும். வாசிப்பு, கணக்கு, சொன்னதைக் கேட்டு நடப்பது என்று வரும்போது அது கரைந்துவிடுகிறது. மெல்பி-லெர்வாக், ஹல்ம் என்ற ஆய்வாளர்கள் 2013-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்னது இதைத்தான். ஆஸ்திரேலியாவில் நினைவு குறைவாக இருந்த 452 முதல் வகுப்புப் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேருக்குக் காக்மெட் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2016-இல் வந்தது. இரண்டு ஆண்டு கழித்து வாசிப்பிலும் எழுத்திலும் லாபம் இல்லை. கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள் கொஞ்சம் பின்னாலேயே இருந்தார்கள். பயிற்சிக்காக வகுப்பை விட்டுப் போன நேரத்தை யார் திருப்பித் தருவது! அதே 2016-இல் ‘லுமோசிட்டி’ என்ற மூளை விளையாட்டு நிறுவனம் விளம்பரத்தில் அதிகம் சொல்லிவிட்டதற்காக அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டியது.

ஏன் பரவுவதில்லை? பயிற்சியில் நினைவு என்ற பாத்திரம் பெரிதாவதில்லை. அந்த விளையாட்டுக்கான சூட்சுமம் பிடிபடுகிறது, அவ்வளவுதான். நாலு கட்டத்தைச் சேர்த்து ‘எல்’ வடிவம் என்று பிள்ளை பெயர் வைத்துக்கொள்ளும். அந்தத் தந்திரம் “பேக்கைத் தொறந்து, கணக்கு நோட்டை எடுத்து, தேதி போடு” என்பதற்கு உதவாது.

செயலியை விட்டுவிட்டு நடத்தும் முறையைப் பார்த்தாலும் குறை உண்டு. ஒரே அறையில் ஐந்து பிள்ளைகள், ஹெட்செட் இரண்டு. பக்கத்துப் பிள்ளையின் டேப்லெட் எண் சொல்லிக்கொண்டிருக்க, இந்தப் பிள்ளை தன் எண்ணைப் பிடித்து வைக்க வேண்டும். விளக்கம் முழுக்க ஆங்கிலத்தில். மொழிக் குறைபாடு உள்ள தமிழ் மீடியப் பிள்ளைக்கு விளையாட்டின் விதியே இரண்டாம் வாரம்தான் புரிகிறது. கோட்டுப் படத்தில் முதல் வாரம் தாழ்ந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நேரமும் சாயங்காலம் 6-க்கு மேல்தான் கிடைக்கிறது. கவனக் குறைபாட்டுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் சாதாரண மாத்திரையைக் காலையில் சாப்பிடும் பிள்ளைக்கு அதன் வேலை 4 மணி நேரத்தோடு முடிந்திருக்கும். (அதற்காக மையத்தார் சொன்னார்கள் என்று மாத்திரை நேரத்தை மாற்றிவிடாதீர்கள், அது டாக்டர் முடிவு.)

ஏற்காட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த 25 நாள் பொருந்தவே பொருந்தாது. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காரும் பிள்ளையிடம் எந்த நினைவைச் சோதிப்பது? காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் கூட்டி வர வீட்டில் ஆளும் இருக்காது. சோதனைக்கு மட்டும் ஒருமுறை வாருங்கள். இறங்கியதும் அரை மணி உட்காரவைத்து, ஏதாவது கொடுத்து, பிறகு தொடங்கச் சொல்லுங்கள்.

கடைசி நாள் கொடுக்கும் அந்த 4 பக்கத் தாளை முதல் நாளே கொடுத்திருக்க வேண்டும். பிள்ளையின் நினைவை நீட்டுவதை விட்டுவிட்டு, நாம் ஏற்றும் சுமையைக் குறைப்பதுதான் அதன் சாரம். பக்கத்தில் போய், பெயர் சொல்லி, முகம் பார்த்த பிறகு சொல்லுங்கள். ஆறு ஏழு வயதுக்கு ஒரு தடவைக்கு இரண்டு வேலை. சொன்னதும் “என்ன செய்யப் போறே, சொல்லு” என்று திருப்பிக் கேளுங்கள், “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். செய்யும் வரிசையிலேயே சொல்லுங்கள்: “சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவு” என்றால் காதில் முதலில் விழுவது சாப்பாடு. “கை கழுவு. அப்புறம் சாப்பிடு” என்பது இலேசு.

தாளில் இல்லாத ஒன்றை நாங்கள் சேர்க்கிறோம். தமிழில் வினை கடைசியில் வரும். “அலமாரிக்கு மேல பச்சைப் பையில இருக்கிற கணக்கு நோட்டை எடுத்துக்கிட்டு வா” என்றால், என்ன செய்ய வேண்டும் என்று தெரியவே வாக்கியம் முடிய வேண்டும். அதுவரை அலமாரி, பச்சை, பை, நோட்டு எல்லாவற்றையும் பிள்ளை தூக்கிச் சுமக்க வேண்டும். பேச்சுத் தமிழில் வினையை முன்னால் போடத் தடையில்லை. “எடுத்துட்டு வா, கணக்கு நோட்டை. பச்சைப் பையில இருக்கு. அலமாரி மேல.” சுமை மூன்றாகப் பிரிந்துவிட்டது.

படிப்புக்கான பக்கமும் உருப்படி. டிக்டேஷனில் பிள்ளை ‘பள்ளிக்கூடத்தில்’ என்பதற்கு எந்த ள, எந்த ல என்று யோசித்து முடிப்பதற்குள் மீதி வாக்கியம் ஆவியாகியிருக்கும். மூன்று மூன்று சொல்லாகச் சொல்லி, எழுதி முடித்த பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது தலை நிமிர்ந்து குனிவதற்குள் இடம் தவறும். அதே பாடத்தை அச்சிட்டுப் பக்கத்தில் வையுங்கள். வாய்பாட்டு அட்டையை மேசையில் ஒட்டிவிடுங்கள். பெருக்கல் கணக்கு படிக்கும் நேரத்தில் ஏழாம் வாய்பாட்டையும் தேட வைக்காதீர்கள். காலை வேலைக்கு நாலு படம் வரைந்து ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து கதவில் மாட்டினால் போதும். பத்துப் படம் மாட்டினால் அதைப் பார்க்கவே தனி நினைவு வேண்டும். ஒவ்வொன்றாக முடிக்க முடிக்கப் படத்தைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள்.

சத்தத்தைப் பற்றித் தாளில் ‘அமைதியான சூழல் அவசியம்’ என்று ஒரே வரி. அம்மாபேட்டையில் தறியும், செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறையும் வீட்டோடு இருக்கும் பிள்ளைகளுக்கு இது எந்த ஊர் அறிவுரை? ஒரே சீரான தறிச் சத்தம் மனப்பாடத்தை அவ்வளவாகக் கெடுக்காது. மாறி மாறி வரும் மனிதப் பேச்சுதான் காதுப் பகுதிக்குள் நேராக நுழையும். படிக்கும்போது பக்கத்து அறை டிவி சீரியல் தறியைவிட மோசம். ஆனால் தறி ஓடும்போது நீங்கள் சொல்லும் வேலை பிள்ளைக்குப் பாதிதான் விழும். ஆகவே படிப்பு தறிக்குப் பக்கத்தில் நடந்தாலும் நடக்கட்டும். வேலை சொல்வதைத் தறி நிற்கும்போது சொல்லுங்கள்.

சோதனையில் மொழிப் பக்கம்தான் சரிந்திருக்கிறது என்று தெரிந்தால், 18,000 ரூபாயைத் தகுதியுள்ள பேச்சு மொழிப் பயிற்சியாளரிடம் செலவிடுவது மேல். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிந்த எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். அங்கே சொற்களும் வாக்கிய அமைப்பும் கதை சொல்வதும் பழகும். தெரிந்த சொல் நினைவில் இலேசாக நிற்கும் என்பதால் அந்த வழியாகவே நினைவின் பாரமும் குறையும். காசு கட்டுப்படியாகாது என்றால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் 18 வயது வரை கட்டணம் இல்லை. கவனப் பக்கம் சரிந்திருந்தால் குழந்தைகள் மனநல மருத்துவரும் வகுப்பாசிரியரும்தான் முதல் இரண்டு படி. அபாகஸ் சேர்த்தால் அபாகஸ் வரும். வல்லாரையைத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும். கண்ணைக் கட்டிவிட்டுப் படிக்க வைக்கும் ‘மிட்பிரெய்ன்’ ஆசாமிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூக்கோரத்து இடைவெளியைக் கையால் மூடிப் பாருங்கள்.

இந்த மையத்துக்கே போவதென்றால் சோதனையை மட்டும் தனியாகக் கேளுங்கள். பலகையில் அப்படி ஒரு கட்டணம் இல்லை. கேட்டால் 3,500 ரூபாய்க்குச் செய்கிறார்கள், தாளையும் தருகிறார்கள். வாரநாள் சாயங்காலம் வேண்டாம், சனிக்கிழமை காலை 10 மணிக்கு இடம் வாங்குங்கள். செவிச் சோதனைக் காகிதம், ஆசிரியர் நிரப்பிய தாள், தமிழ் நோட்டு ஒன்று, கணக்கு நோட்டு ஒன்று, கண்ணாடி போடும் பிள்ளையென்றால் கண்ணாடி. நோட்டைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அவர்களாகக் கேட்பதில்லை. மறுசோதனை ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். அதே பட்டியலைத் திரும்ப ஓட்டினால் பழக்கத்தில் ஏறிய மதிப்பெண்தான் வரும். அடுத்த முறை வேறு பட்டியல் போடுவார்களா என்பதையும் அன்றைக்கே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.